மாடியறைக் கீரை

மூலைத் தொட்டியில் இருந்த செடியின் நுனி இலை மஞ்சளாகியிருந்தது. அடி இலை மஞ்சளானால் வசந்தன் கவலைப்பட்டிருக்க மாட்டான். கிழட்டு இலை உதிரத்தான் செய்யும், சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் மற்றது தேறிவிடும். இது நேற்று விட்ட தளிர். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத அந்தத் தளிரில் மஞ்சள் நடு நரம்பில் தொடங்கி வெளியே பரவி, ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோட்டை விட்டுவைத்திருந்தது. சிங்கப்பூரில் கட்டடத்துக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்க்கும் பண்ணையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவன், இப்படி ஒரு மஞ்சளைப் பார்த்ததில்லை. தொட்டுப் பார்த்தான். இலை வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்து, விளக்குச் சங்கிலியை ஒரு கண்ணி மேலே ஏற்றி மாட்டினான்.

வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் யோங் பெங் ஊரில், ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் இரண்டு மாடி வீடுகள் கொண்ட ஒரு தாமானில் இருந்தது. கீழே வசந்தன், அவன் மனைவி ஷாமளா, பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. மேலே கீரை. கீரை என்றுதான் விஜயேந்திரன் சொல்லுவார். கஞ்சா என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. படித்த மனிதர், வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தாமல் பேசுவார். பண்ணை மூடிய பின் வேலையில்லாமல் அலைந்தவனுக்கு இந்த வீட்டைக் கொடுத்து, கரண்டு பெயர் மாற்றவேண்டும் என்று சொல்லி அவன் ஐசியை, அந்த அடையாள அட்டையை, வாங்கிப்போனவர் அவர்தான். திருப்பித் தரவில்லை. கேட்கவும் இவனுக்குத் தைரியம் வரவில்லை.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டை எவன் தம்பி சந்தேகப்படுவான்?" என்றார் குடிவந்த அன்று. "பிள்ளை பிறந்ததும் துணியெல்லாம் வாசல் பக்கமாவே காயப்போடுங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

செடிகளுக்கு நாள் தலைகீழ். பகலெல்லாம் இருட்டு, பள்ளிவாசலில் அந்தி மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஊதா விளக்குகள் தாமாக எரியும். பூவெடுக்கும் பருவத்தில் இருட்டு வேளையில் ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் செடி குழம்பிப் பூவெல்லாம் வீணாகிவிடும். அதனால் பகலில் அந்த அறைக்குள் போகவேண்டி வந்தால் ஹேண்ட்போனைக்கூடக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, தடவித் தடவித்தான் போவான். விஜயேந்திரனுக்கு அந்த விஷயத்தில் மன்னிப்பே கிடையாது.

மஞ்சள் நிற்கவில்லை. மூலைச் செடியிலிருந்து அடுத்ததுக்கும் அங்கிருந்து அடுத்ததுக்கும் போயிற்று. தண்ணீரின் புளிப்பைச் சோதித்தான், சரியாக இருந்தது. சத்து அதிகமோ என்று வெறும் தண்ணீர் ஊற்றித் தொட்டிகளைக் கழுவிவிட்டான். இலைகளைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தான், ஒன்றும் இல்லை. ஒரு தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்த்தால், வெள்ளை வெளேரென்று அத்தனை ஆரோக்கியமான வேர். செடிகள் மட்டும் வளரவில்லை. நட்ட நாள் முதல் சரசரவென்று ஏறியவை, யாரோ தலையில் கையை வைத்து அமுக்குகிற மாதிரி அப்படியே நின்றுவிட்டன.

மூலைத் தொட்டியை ஏன் மறுபடி மறுபடி பார்த்தான் என்பது அவனுக்குத் தெரியும். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்று ஷாமளா அதை ஒரு துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்திருந்தாள். "குப்பையில போட்டுடாதீங்க. எங்க எஸ்டேட்டுல நல்லா வளர்ற வாழைக்கு அடியில புதைப்பாங்க. அப்பத்தான் பிள்ளையும் தளதளன்னு வளரும்." வாழைக்கு எங்கே போவது? வாசலும் சிமெண்டு, பின்கட்டும் சிமெண்டு. வெளியே போய்த் தோண்டினால் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வேலை மெனக்கெட்டு வந்து எட்டிப்பார்ப்பாள். அந்த வீட்டில் மண் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். மாடி ஏறிப்போய் மூலைத் தொட்டியில் விரலால் குழி பறித்து, அந்தக் கறுத்த துண்டை அமுக்கி மூடினான். "புதைச்சாச்சு" என்று வந்து சொன்னான். பொய்யும் இல்லையே!

குழந்தையின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது ஷாமளா. சன்னல் பக்கம் தூக்கிப்போய், இமையை விரலால் லேசாக விலக்கிக் காட்டினாள். வெள்ளை விழி இருக்கவேண்டிய இடத்தில், மேலே அவன் பார்த்துவிட்டு வந்த அதே நிறம். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

மறுநாள் காலையில் கிளினிக் மிஸ்ஸி வந்துவிட்டாள். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வந்து பார்ப்பது அவள் வேலை. கஸ்தூரி என்று சட்டையில் பெயர் இருந்தது. வசந்தன் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே பேசினான்.

"ஷாமளா வீடுதானே? பிள்ளையைப் பார்க்கணும்."

"அவங்க காஹாங்குக்குப் போயிட்டாங்க மிஸ்ஸி. அம்மா வீட்டுக்கு."

கஸ்தூரி கொடியைப் பார்த்தாள். குழந்தைத் துணிகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. "துணி காயுதே?"

"அவசரத்துல... விட்டுட்டுப் போயிட்டாங்க."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியை விட்டுப் போறப்பவே பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருந்துச்சு. கண்ணு மஞ்சளானா உடனே கொண்டு வரணும். விளையாட்டு இல்ல. புரியுதா?"

"புரியுது மிஸ்ஸி."

அவள் கார் முனை திரும்பும்வரை சிரித்தபடியே நின்றான். உள்ளே வந்தபோது ஷாமளா கதவுக்குப் பின்னால் குழந்தையின் வாயை மார்போடு அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவன்தான் அப்படி நிற்கச் சொல்லியிருந்தான்.

"பிள்ளையைவிட அந்தக் கீரை பெருசா போச்சா உங்களுக்கு?"

"தூக்குக் கயிறு பெருசு ஷாமளா. கயிறு இல்லாட்டி ஆயுசுக்கும் உள்ள. கூடவே ரோத்தான் அடி. என் சட்டையெல்லாம் அந்த வாடை. ஐசியும் கையில இல்ல. ஆஸ்பத்திரியில போய் நின்னா என்னன்னு சொல்லுவே?"

"நான் போறேன். நான் மட்டும் போறேன்."

"அட்ரஸ் இந்த வீடுதானே கொடுத்திருக்கே? இன்னும் நாலு பேர் வருவாங்க." அவன் குரலைத் தணித்தான். "அங்க என்ன பண்ணப்போறாங்க? விளக்குக்கு அடியில படுக்க வைப்பாங்க. அவ்ளோதான் லா. மேல அதைவிட நல்ல விளக்கு இருக்கு."

இரண்டும் ஒரே விளக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். பாவி மனிதன், தெரிந்துதான் சொன்னான். அவள் அழுதாள், திட்டினாள், கடைசியில் உடம்பு முடியாமல் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாங்கு ஒலித்து மாடிக் கதவின் இடுக்கில் ஊதா வெளிச்சம் கோடாக விழுந்ததும், அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு மேலே போனான்.

துணி துவைக்கும் பேசினில் துண்டை விரித்து, கண்களுக்குக் கைக்குட்டை கட்டி, செடிகளுக்கு நடுவே படுக்கவைத்தான். கீழே ஓயாமல் சிணுங்கிய பிள்ளை அங்கே படுத்ததும் சட்டென்று அமைதியானது. வாடையை இழுக்கும் கரி டப்பாவின் விசிறி ஒரே சுதியில் இரைந்துகொண்டிருக்க, இலைகள் அந்தக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருக்க, வியர்வையும் ஈரமண்ணும் பச்சைப் பிசின் நெடியும் கலந்த அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்தபடியே அவன் கண்ணயர்ந்துபோனான். விழித்தபோது விசிறிக் காற்று அதே பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. இலைகள் மட்டும் காற்றுக்கு எதிராக, பேசினைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

சில நாள் அப்படியே நடந்தது. குழந்தையின் மஞ்சள் இறங்கியது! கண் வெளுத்தது, நெற்றி வெளுத்தது. ஷாமளா அவனை மன்னித்துவிட்டவள் போல ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தாள். மேலே செடிகளும் பச்சை பிடித்தன. சாதாரணப் பச்சையா அது! எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. நின்றுபோன வளர்ச்சிக்கெல்லாம் சேர்த்துவைத்து அவை ஏறின. ஒவ்வொரு கிளையிலும் பூ திரண்டு கனத்தது. பெருமை தாங்காமல் படம் எடுத்து விஜயேந்திரனுக்கு அனுப்பினான். "கெட்டிக்காரன்" என்று பதில் வந்தது.

குழந்தை மட்டும் வளரவில்லை.

பால் குடிக்காமல் இல்லை. ஷாமளாவின் மார்பு வற்றும்வரை குடித்தது, இன்னும் வேண்டும் என்று கத்தியது. ஆனால் தூக்கினால் கனமே இல்லை. பிறந்தபோது பிடித்த சட்டை இப்போது தோளைவிட்டு நழுவியது. "எங்கதான் போகுது நான் கொடுக்கிற பாலெல்லாம்?" என்று ஷாமளா கேட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்ததும், பூக்களை மறைத்த அகல இலைகளைக் கழிக்கக் கத்தரியோடு உட்கார்ந்தான். முதல் இலையை வெட்டினான். கீழே குழந்தை வீறிட்டது. பசியாக இருக்கும். அடுத்த இலை. மறுபடி வீறல். கையை நிறுத்தினான்; அழுகையும் நின்றது. கத்தரியை இலைக்காம்பில் வைத்து, வெட்டாமல் காத்திருந்தான். விசிறி இரைந்தது. கீழே ஷாமளா ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். வெட்டினான்.

"ஐயோ, என்னடி ஆச்சு உனக்கு?" என்று ஷாமளா அலறுவது கேட்டது.

அந்த அலறலோடு அவன் தூக்கம் போயிற்று. மறுநாள் வெயில் தாழ்ந்த பின், தெருவில் ஐஸ்கிரீம்காரனின் மணி போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஹேண்ட்போனை வெளியே வைத்துவிட்டு அந்த இருட்டுக்குள் நுழைந்தான். கதவை மூடியதும் மணியோசை அறுந்தது. விசிறி. எங்கோ சொட்டும் தண்ணீர். அதற்கெல்லாம் அடியில், நாக்கும் உதடும் சேர்ந்து இழுக்கிற மாதிரி, மெல்லிய ஈரமான ஒரு சத்தம். ச்சப். கொஞ்சம் நின்று, மறுபடி, ச்சப். கீழே ஷாமளா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனே பார்த்துவிட்டுத்தான் வந்தான். தரைவழியாகக் கேட்கிறது என்று நினைத்துத் தரையில் காதை வைத்தான். தரையில் சத்தம் இல்லை. தவழ்ந்துபோய்த் தொட்டியில் காதை வைத்தான்.

ச்சப்.

அடுத்த தொட்டியில் வைத்தான். அங்கேயும். அதற்கடுத்ததிலும்.

கையை நீட்டித் தண்டைப் பிடித்தான். வெதுவெதுப்பு. சத்தத்துக்குச் சரியாக அது உப்பியது. தளர்ந்தது. உப்பியது. விரல் மேலே ஏறி, நேற்று வெட்டிய காம்பைத் தொட்டது. ஈரம். பிசுபிசுப்பு இல்லாத ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனான். அந்த வாடை அவனுக்குத் தெரியும். ஷாமளாவின் சட்டையில், குழந்தையின் வாயில், தலையணையில் எல்லாம் இருக்கும் வாடை. பால்.

மூலைத் தொட்டியை இருட்டிலேயே பிறாண்டினான். தொப்புள்கொடி இல்லை. அது இருந்த இடத்தில் விரல் பருமனில் ஒரு வேர், தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியேறி, தட்டில் படர்ந்து, மற்றத் தொட்டிகள் ஒவ்வொன்றின் அடியிலும் நுழைந்திருந்தது. பிய்க்க முடியாது. எதைப் பிய்ப்பது?

கீழே இறங்கி வந்தான். முகத்தைப் பார்த்தே ஷாமளா எழுந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். "வர்றது வரட்டும். பிள்ளைக்கு வேண்டியதை எடுத்து வை."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவது? பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டுத் தான் மட்டும் திரும்பி வந்து, உயிரைக் கொடுத்தாவது அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது என்று முடிவு கட்டியிருந்தான். அவை நிற்கிறவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஷாமளா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது.

விஜயேந்திரன் இறங்கினார். பின்னால் இரண்டு ஆட்கள், ஒருவன் கையில் பாராங் கத்தி. "என்ன தம்பி, எங்கேயோ கிளம்புற மாதிரி இருக்கு?" ஷாமளாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீ உள்ள போய்ப் பிள்ளையைப் பாரும்மா. எங்களுக்குக் கொஞ்ச நேர வேலைதான். இன்னைக்கே அறுத்துடலாம்."

"பாஸ், இன்னும் முத்தலை. இன்னும் கொஞ்ச நாள்..."

"படம் பார்த்தேனே. அருமையா வந்திருக்கு. வாங்கறவன் பொந்தியான்ல காத்துக்கிட்டு இருக்கான்."

மேலே போனார்கள். பாங்கு தொடங்கியது, ஊதா வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழுந்தது. வசந்தன் கதவை மூடிவிட்டு விஜயேந்திரனின் காலில் விழுந்தான். எல்லாவற்றையும் சொன்னான். தொப்புள்கொடி, விளக்கு, கத்தரி, வீறல், பால். சொல்லச் சொல்ல அவனுக்கே பைத்தியக்காரப் பேச்சாகத்தான் கேட்டது. ஆட்கள் சிரித்தார்கள்.

விஜயேந்திரன் சிரிக்கவில்லை. தட்டில் கிடந்த கத்தரியை எடுத்தார். ஓர் இலையை வெட்டினார். கீழே குழந்தை வீறிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டார். அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்து, இன்னொன்றை வெட்டினார். வீறல். வெட்டிய காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டுத் திரண்டு நின்றது.

"அலமாக்" என்றான் பாராங் வைத்திருந்தவன். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"அட, உண்மைதான்" என்றார் விஜயேந்திரன். அவர் முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. வேறொன்றும் இல்லை. கத்தரியை வசந்தனிடம் நீட்டினார். "அப்ப நீயே வெட்டு தம்பி. இவங்க கை முரடு. நீ பதமா வெட்டுவே."

"பாஸ்."

"நீ வெட்டலைன்னா அவன் பாராங்கால வெட்டுவான். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

அவன் வெட்டினான். கேட்டுக்கொள்ளுங்கள், அவன்தான் வெட்டினான். முதல் தண்டின் அடியில் கத்தரியை வைத்து, மெதுவாக, மெதுவாக. கீழே எழுந்த சத்தம் குழந்தையின் சத்தமாகவே இல்லை.

"என்னங்க!" ஷாமளாவின் குரல். "பாப்பாவைப் பாருங்களேன்!"

இரண்டாவது.

"என்னங்க, கால் சில்லுனு ஆயிடுச்சு!"

அடுத்தது. அடுத்தது. பால் கத்தரியில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. இளஞ்சூடு. ஆட்கள் செடிகளைச் சாக்கில் திணித்தார்கள். அழுகை தேய்ந்துகொண்டே வந்தது. வீறல் சிணுங்கலாகி, சிணுங்கல் முனகலாகியது.

மூலைச் செடி மட்டும் மிச்சம். அதன் முன்னால் உட்கார்ந்து, தண்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "இது ஒன்னு. இது ஒன்னை விட்டுடுங்க பாஸ். உங்களுக்கு நாயா உழைக்கிறேன்."

விஜயேந்திரன் அவன் பக்கத்தில் குந்தினார். தோளில் கையை வைத்தார். பிறகு, பிள்ளைக்குக் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுப்பதைப் போல, அவன் விரல்களைத் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தரிக்குள் நுழைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினார்.

கீழே சத்தம் இல்லை.

வேன் கிளம்பிப் போயிற்று. வசந்தன் எழுந்திருக்கவில்லை. தொட்டிகளில் அடித்தண்டுகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பால் வழிந்து, தட்டு நிரம்பி, தரையில் பரவி அவன் பாதங்களைத் தொட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கத்தரி இன்னும் அவன் விரல்களில் மாட்டியிருந்தது.

படிக்கட்டில் காலடி கேட்டது. பச்சை உடம்புக்காரி, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தாள். கதவு திறந்தது. ஷாமளா துணிப்பொட்டலத்தை மார்போடு அணைத்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தில் களைப்பும் நிம்மதியும் இருந்தன.

"சத்தம் போடாதீங்க" என்றாள் மெல்லிய குரலில். "அழுது அழுது இப்பத்தான் தூங்கினா. பாருங்களேன், எவ்ளோ அழகா தூங்கறா."

துணியை விலக்கி அவனிடம் காட்டினாள்.